அமெரிக்க விமானங்கள் போரில் பிறந்தவை அல்ல: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், இரண்டாம் உலகப் போரில் பறந்த அமெரிக்க விமானங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத ஒரு துறைக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு, சென்னையில் பல ஆண்டுகள் விமானப் பொறியியல் கற்பித்தவன் என்ற முறையில் முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆயினும் அக்கட்டுரையின் அடிப்படைக் கருத்தை மறுக்காமல் இருக்க முடியவில்லை. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்படும் வரை அமெரிக்கா விமானத் துறையில் உறங்கிக் கிடந்தது என்றும், அதன்பின் கார் தொழிற்சாலைகளை விமானத் தொழிற்சாலைகளாக மாற்றி மூன்றே ஆண்டுகளில் வான் வல்லரசாக எழுந்தது என்றும் கட்டுரை சொல்கிறது. உற்பத்தியை மட்டும் பேசினால் இது பெருமளவு சரிதான். 1944ஆம் ஆண்டில் மட்டும் 96,000க்கும் மேற்பட்ட ராணுவ விமானங்கள் அந்நாட்டில் கட்டப்பட்டன. ஆனால் அத்தொழிற்சாலைகள் எவற்றைக் கட்டின என்று கேட்டால் கதை மாறிவிடுகிறது. கேட்டலினா கடல் விமானம் 1935 மார்ச்சிலும், போயிங் பி-17 குண்டுவீச்சு விமானம் அதே ஆண்டு ஜூலையிலும், நாம் டகோட்டா என்று அறிந்த விமானத்தின் மூலமான டிசி-3 அதே ஆண்டு டிசம்பரிலும் முதன்முதலாகப் பறந்தன. கர்டிஸ் பி-40 சண்டை விமானம் 1938இலும், லாக்ஹீட் லைட்னிங் 1939 ஜனவரியிலும், பி-24 குண்டுவீச்சு விமானம் அதே ஆண்டின் கடைசி வாரத்திலும் பறந்தவை. போருக்கு நடுவே வந்த தண்டர்போல்ட், ஹெல்கேட், கார்சேர் ஆகிய மூன்று சண்டை விமானங்களையும் இயக்கிய 18 சிலிண்டர் ‘டபுள் வாஸ்ப்’ என்ஜின் சோதனை மேடையில் முதன்முதலாக ஓடிய ஆண்டு 1937. போர் தொடங்கியபின் நடந்தது பெருக்கல் மட்டுமே. பெருக்குவதற்கு உரிய எண்ணை அதற்கு முந்தைய 20 ஆண்டுகள் தேடிக் கண்டுபிடித்திருந்தன.

பழைய வரலாற்றைத் திருத்தும் ஆசையால் மட்டும் இதை எழுதவில்லை. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் பற்றிய பேச்சு 2018 முதல் நம் மாநிலத்தில் நடந்து வருகிறது. சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி என்று ஐந்து முனைகள் குறிக்கப்பட்டுள்ளன. இதைப் பற்றிய செய்திகளிலும் மேடைப் பேச்சுகளிலும் தொழிற்சாலை, முதலீடு, வேலைவாய்ப்பு ஆகிய மூன்றுமே திரும்பத் திரும்ப வருகின்றன. கட்டடம் எழுப்பி எந்திரங்களை இறக்கிவிட்டால் விமானம் தானே வந்துவிடும் என்ற எண்ணம் இளைஞர்கள் மனத்தில் பதிவதற்கு, அமெரிக்க வரலாற்றை இப்படிச் சுருக்கிச் சொல்வதும் ஒரு காரணமாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

தொழிற்சாலை மட்டும் போதுமா என்பதை அமெரிக்கா முதல் உலகப் போரிலேயே சோதித்துப் பார்த்தது. 1917 ஏப்ரலில் போரில் இறங்கியதும், அதே ஆண்டு ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் விமானங்களுக்கென 64 கோடி டாலரை ஒதுக்கியது. அக்காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. கார் தொழிலின் முழு வலிமையும் பின்னால் நின்றது. ஆனால் பிரெஞ்சு வானில் அமெரிக்க வீரர்கள் ஓட்டிய சண்டை விமானங்கள் பெரும்பாலும் பிரான்சின் நியூபோர்ட்டும் ஸ்பாடும்தான். அமெரிக்கத் தொழிற்சாலைகள் பெரிய எண்ணிக்கையில் கட்டிப் போர்முனைக்கு அனுப்பிய டிஹெச்-4 விமானம் பிரிட்டிஷ்காரர்களின் வடிவமைப்பு. அமெரிக்கர்களே வடிவமைத்த சண்டை விமானம் ஒன்றுகூட அங்கே போரிடவில்லை. அவர்களுடையது என்று சொல்லத்தக்கதாக இருந்தது 12 சிலிண்டர் கொண்ட 400 குதிரைத்திறன் லிபர்ட்டி என்ஜின் மட்டுமே. அதை 20,000க்கும் மேல் செய்து குவித்தார்கள். போர் திடீரென முடிந்ததும் அந்தக் குவியலே தடையாயிற்று. கிடங்குகளில் ஆயிரக்கணக்கான புதிய என்ஜின்கள் கிடக்கும்போது இன்னொரு என்ஜினுக்கு எதற்குப் பணம் என்று கேட்ட அரசிடம் ராணுவப் பொறியாளர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

இந்த வறண்ட காலத்தைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக ராணுவ விமான அதிகாரி பில்லி மிட்செலிடம் போய் நின்றுவிடுகிறார்கள். தங்கள் கட்டுரையும் அப்படியே செய்கிறது. 1921 ஜூலையில் ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றப்பட்ட ஓஸ்ட்ஃபிரீஸ்லாண்ட் என்ற போர்க்கப்பலை அவருடைய விமானங்கள் குண்டுவீசி மூழ்கடித்ததும், 1925இல் மேலதிகாரிகளைக் கடுமையாகச் சாடியதற்காக ராணுவ நீதிமன்றத்தில் அவர் தண்டிக்கப்பட்டதும் உண்மையான, உணர்ச்சிகரமான நிகழ்ச்சிகள்தாம். அவர் எழுப்பிய குரலின் எதிரொலியாக 1926இல் ராணுவ விமானப் பிரிவுக்குத் தனிச் சட்டம் வந்தது. ஐந்தாண்டுகளில் 1,800 விமானங்கள் என்ற இலக்கும் வகுக்கப்பட்டது. ஆனால் மிட்செல் எவ்வளவு முழங்கியிருந்தாலும், நல்ல என்ஜினும் நல்ல இறக்கையும் இல்லாத நாட்டில் அந்த முழக்கம் காற்றோடு போயிருக்கும். அவற்றைத் தந்தவர்களின் பெயர்கள் ஞாயிறு இணைப்புகளில் வருவதில்லை. இக்கடிதத்தில் அவர்களைப் பற்றியே அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

என்.ஏ.சி.ஏ. என்று அழைக்கப்பட்ட தேசிய விமானவியல் ஆலோசனைக் குழு 1915 மார்ச்சில், கடற்படை நிதி மசோதாவின் வாலில் ஒட்டப்பட்ட ஒரு பிரிவாகப் பிறந்தது. முதலாண்டில் அதற்குக் கிடைத்த நிதி 5,000 டாலர். உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. 1920இல் வர்ஜீனியா மாநிலத்தின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் அது கட்டிய முதல் காற்றுச் சுரங்கம் (விமான மாதிரியின் மேல் காற்றைப் பாய்ச்சி அளக்கும் கூடம்) புதுமை ஏதுமற்றது. சிறிய மாதிரியை வைத்து அளந்த கணக்கு முழு அளவு விமானத்துக்குப் பொருந்தவில்லை என்ற குறை உலகெங்கும் இருந்தது, இங்கும் இருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த மாக்ஸ் முங்க் இதற்கு ஒரு வழி சொன்னார்: மாதிரியைப் பெரிதாக்க முடியாவிட்டால் காற்றை அடர்த்தியாக்கலாம். எஃகுத் தொட்டிக்குள் 20 வளிமண்டல அழுத்தத்தில் காற்றை அடைத்து ஓடவிட்டால், சிறு மாதிரியின் மேல் பாயும் காற்று பெரிய இறக்கையின் மேல் பாயும் காற்றைப் போலவே நடந்துகொள்ளும். 1920களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய அந்தச் சுரங்கத்தில்தான் 1933இல் வெளியான புகழ்பெற்ற அறிக்கைக்கு உரிய 78 இறக்கை வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கப்பட்டன. வளைவு எவ்வளவு, அது எங்கே உச்சம் கொள்கிறது, தடிமன் எவ்வளவு என்பதை நான்கு இலக்கங்களில் சொல்லும் அந்த முறையை இன்றும் சென்னையில் எந்த விமானப் பொறியியல் மாணவரும் முதலாண்டுகளிலேயே கற்கிறார். அந்த நான்கு இலக்கங்களுக்குப் பின்னால் எத்தனை பேருடைய பொறுமை இருக்கிறது என்பதை மட்டும் பாடநூல் சொல்வதில்லை.

1927இல் அதே லாங்லியில், உண்மையான விமானத்தின் உடலையே வைத்துச் சோதிக்கக்கூடிய 20 அடி அகலச் சுரங்கம் ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. அக்காலத்தில் காற்றால் குளிர்விக்கப்படும் என்ஜின்களின் சிலிண்டர்கள் காற்றில் துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றை மூடினால் வெப்பம் தங்கி என்ஜின் கெடும் என்று விமானக் கம்பெனிகள் அஞ்சின. ஃப்ரெட் வெய்க் தலைமையிலான சிறு குழு, வெவ்வேறு அளவுகளில் மூடிகளைச் செய்து மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்து, சிலிண்டர்களை முழுவதுமாக மூடியபின்னும் உள்ளே போகும் காற்றை ஒழுங்காக வழிநடத்தினால் போதிய குளிர்ச்சி கிடைக்கும் என்று 1928இல் நிறுவியது. கர்டிஸ் ஹாக் பயிற்சி விமானம் ஒன்றில் அந்த மூடியைப் பொருத்தியதும் அதன் வேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக உயர்ந்தது. என்ஜினில் ஒரு திருகைக்கூட மாற்றாமல், தகரத்தை வளைத்துக் கிடைத்த வேகம் அது. அதே சுரங்கத்தில் செய்த சோதனைகளே, வெளியே நிலையாகத் தொங்கும் சக்கரங்கள் எவ்வளவு வேகத்தைத் தின்றுவிடுகின்றன என்பதையும், பல என்ஜின் விமானங்களில் என்ஜின்களை இறக்கைக்கு மேலோ கீழோ தொங்கவிடாமல் இறக்கையின் முன்விளிம்போடு ஒரே நேர்கோட்டில் பதிக்க வேண்டும் என்பதையும் காட்டின. 1935 வாக்கில் வந்த டிசி-3, பி-17 ஆகியவற்றின் படத்தைப் பார்ப்பவர்கள், மூடிய என்ஜின், உள்ளிழுக்கும் சக்கரம், இறக்கையோடு இழைந்த என்ஜின் கூடு ஆகிய மூன்றையும் உடனே அடையாளம் காணலாம்.

இந்த அறிக்கைகள் பெரும்பாலும் பூட்டி வைக்கப்படவில்லை. அச்சிட்டு யாருக்கும் தரப்பட்டன. பின்னாளில் அமெரிக்க விமானங்களோடு மோதிய ஜெர்மானிய ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தின் இறக்கையே என்.ஏ.சி.ஏ. வடிவத்தைச் சேர்ந்தது. அதை வடிவமைத்த குர்ட் டாங்க் போருக்குப்பின் இந்தியாவுக்கு வந்து பெங்களூரில் நமக்காக மாருத் என்ற ஜெட் போர் விமானத்தை உருவாக்கியவர். எதிரிக்கும் பயன்படும் என்று தெரிந்தும் அறிவை வெளியிட்டது சரியா என்று சிலர் கேட்பார்கள். சரிதான் என்பதே என் கருத்து. அந்த வெளிப்படைத்தன்மையால் அதிகம் பயன்பெற்றவை, சொந்தமாகச் சுரங்கம் கட்ட வசதியில்லாத அமெரிக்காவின் சிறு விமானக் கம்பெனிகளே. 1929இல் கிளீவ்லாந்தில் நடந்த தேசிய விமானப் பந்தயத்தில், டிராவல் ஏர் என்ற தனியார் கம்பெனி கட்டிய விமானம் ராணுவ, கடற்படைச் சண்டை விமானங்களை முந்தி வென்றது. அதன் மூக்கிலும் லாங்லியின் அந்த என்ஜின் மூடிதான் இருந்தது. ராணுவத்துக்கு அது அவமானமாக இருந்தாலும், இரட்டை இறக்கை விமானங்களைக் கைவிட வேண்டும் என்று வாதாடியவர்களுக்கு அது நல்ல ஆதாரமாயிற்று.

என்ஜின்களின் கதை இதைவிட நீண்டது. லிபர்ட்டி போன்ற நீர்க்குளிர் என்ஜின்களில் ரேடியேட்டர், குழாய், நீர் ஆகியவற்றின் எடையைச் சுமக்க வேண்டும். ஒரு குழாய் கசிந்தால் விமானம் இறங்கியே ஆக வேண்டும். விமானந்தாங்கிக் கப்பலின் குறுகிய தளத்திலிருந்து எழும்ப வேண்டிய கடற்படைக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. எனவே காற்றுக்குளிர் என்ஜினைக் கடற்படையே பிடிவாதமாக ஆதரித்தது. 1925இல் ஃபிரெடரிக் ரென்ட்ஷ்லர் தொடங்கிய பிராட் அண்ட் விட்னி கம்பெனியின் முதல் என்ஜினான வாஸ்ப், அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கும் வேளையில் சோதனை மேடையில் ஓடி 400 குதிரைத்திறனைத் தாண்டியது. அதற்கு முதல் பெரிய வாடிக்கையாளர் கடற்படைதான். ஒஹாயோவின் டேட்டன் நகரில் ராணுவத்தின் பொறியியல் களமாக இருந்த மெக்குக் ஃபீல்டில் சாம் ஹெரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், வெப்பத்தில் எரிந்துபோகும் வெளியேற்று வால்வின் தண்டைக் குடைந்து, உள்ளே சோடியத்தை நிரப்பினார். ஓடும்போது உருகும் அந்த உலோகம் வால்வின் தலையிலுள்ள வெப்பத்தைத் தண்டு வழியே கடத்திவிடும். சிறிய பொருள்தான், ஆனால் அது இல்லாமல் 1930களின் பெரிய என்ஜின்கள் நீண்ட நேரம் ஓடியிருக்க முடியாது. பெட்ரோலின் தரத்தையும் இவ்வாறே உயர்த்தினார்கள். ஷெல் கம்பெனியில் சேர்ந்திருந்த விமானி ஜிம்மி டூலிட்டில், வாங்க ஆளே இல்லாத காலத்தில், என்ஜினுக்குள் அதிக அழுத்தத்தைத் தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோலைத் தயாரிக்கச் சொல்லி வற்புறுத்த, 1934இல் ராணுவம் அதைச் சோதனைக்கு வாங்கியது. ஆறு ஆண்டுகளுக்குப்பின் பிரிட்டன் வானில் நடந்த போரில் ஸ்பிட்ஃபயர் விமானங்களின் மெர்லின் என்ஜின்கள் கூடுதல் ஆற்றலைப் பெற்றது இந்த வகை எரிபொருளால்தான்.

பொறுமைக்கு இன்னும் சிறந்த சான்று டர்போ சூப்பர்சார்ஜர். உயரே போகப் போகக் காற்று மெலிவதால் என்ஜின் மூச்சுத் திணறும். வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் காற்றை அழுத்தி என்ஜினுக்கு ஊட்டலாம் என்பது கருத்து. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் சான்ஃபோர்ட் மாஸ் 1918இல் இக்கருவி பொருத்திய ஒரு லிபர்ட்டி என்ஜினை லாரியில் ஏற்றி, கொலராடோ மாநிலத்தில் 14,000 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குக் கொண்டுபோய் இயக்கினார். தரையில் கொடுத்த ஆற்றலை அது அங்கும் கொடுத்தது. 1920 பிப்ரவரியில் ருடால்ஃப் ஷ்ரோடர் என்ற ராணுவ விமானி, அந்தக் கருவி பொருத்திய விமானத்தில் 33,000 அடிக்கும் மேல் ஏறினார்; ஆக்சிஜன் தீர்ந்து, கண்கள் உறைந்து, நினைவிழந்து விழுந்தவர் தரைக்கு அருகில் நினைவு திரும்பி உயிரோடு இறங்கினார். இவ்வளவும் முடிந்தது 1920இல். ஆனால் சிவக்கக் காயும் சக்கரத்தில் விரிசல் விடாத உலோகக் கலவையும், நம்பத்தக்க கட்டுப்பாட்டுக் கருவியும் கிடைத்து, அது பி-17 விமானத்தில் பொருந்தியது 1938இல். இடைப்பட்ட 18 ஆண்டுகளும் பலன் தராத செலவாகவே கணக்கில் தோன்றியிருக்கும். யாரோ ஒரு அதிகாரி ஆண்டுதோறும் அந்தச் சிறு தொகையை வெட்டாமல் விட்டிருக்கிறார். அவருக்குச் சிலை இல்லை. ஆனால் 25,000 அடி உயரத்தில் பறந்த ஒவ்வொரு பி-17 விமானமும் அவருக்குக் கடன்பட்டது.

கடற்படை ‘உறங்கிக் கிடந்தது’ என்ற வாதத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். நிலக்கரிக் கப்பல் ஒன்றை மாற்றி அமைத்து 1922இல் லாங்லி என்ற முதல் விமானந்தாங்கிக் கப்பலை அமெரிக்கா பணியில் சேர்த்தது. அவ்வாண்டு கையெழுத்தான வாஷிங்டன் ஒப்பந்தப்படி கைவிட வேண்டியிருந்த இரு போர்க்கப்பல்களின் உடல்களே 1927இல் சரடோகா, லெக்சிங்டன் என்ற பெரும் விமானந்தாங்கிகளாயின. 1929 ஜனவரிப் போர்ப் பயிற்சியில், சரடோகா தன் படையிலிருந்து பிரிந்து சென்று விடியற்காலையில் பனாமா கால்வாயைப் பாவனையாகத் தாக்கியது. 1932 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், அட்மிரல் ஹாரி யார்னெல் இவ்விரு கப்பல்களின் விமானங்களைக் கொண்டு பேர்ல் ஹார்பரையே பயிற்சிக்காகத் தாக்கி, அங்கிருந்தவர்களைத் திகைக்க வைத்தார். ஜப்பானியர் தாக்கியதும் ஒரு ஞாயிறு காலையில்தான். அந்தப் பயிற்சியின் முடிவை உயர் அதிகாரிகள் ஏற்கவில்லை என்பது பெரிய தவறு. ஆனால் அதைச் செய்து பார்க்கும் அறிவும் கருவியும் பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்தன என்பதையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்.

தோல்விகளையும் மறைக்கக் கூடாது. 1934 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தனியார் அஞ்சல் விமான ஒப்பந்தங்களை ரத்து செய்து அப்பணியை ராணுவ விமானப் பிரிவிடம் ஒப்படைத்தார். பனியிலும் இரவிலும் பறக்கப் பயிற்சியும் கருவியும் இல்லாத இளம் விமானிகள் பத்துக்கும் மேற்பட்டோர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள். வெளியே எதையும் பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஏறி, சுற்றி, இறங்க முடியும் என்று டூலிட்டில் 1929 செப்டம்பரிலேயே நிரூபித்திருந்தார். அந்தக் கருவிகள் ராணுவ விமானங்களில் பரவலாகப் பொருத்தப்படவில்லை. நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்குப்பின் விசாரணைக் குழு அமைந்தது, பயிற்சி மாறியது, பணமும் வந்தது. அதே ஆண்டு கோடையில், முழு உலோக உடலும் ஒற்றை இறக்கையும் கொண்ட பத்து மார்ட்டின் பி-10 விமானங்களை ராணுவ விமானப் பிரிவின் அதிகாரி ஹாப் ஆர்னால்ட் வாஷிங்டனிலிருந்து அலாஸ்காவுக்கு அழைத்துச் சென்று திரும்பினார்.

அடுத்த ஆண்டு இன்னொரு அடி விழுந்தது. போயிங் கம்பெனி தன் சொந்தப் பணத்தில் கட்டிய, பி-17 விமானத்தின் முதல் வடிவமான நான்கு என்ஜின் ‘மாதிரி 299’, சியாட்டிலிலிருந்து டேட்டன் வரை 2,000 மைலுக்கும் மேற்பட்ட தொலைவை இடைநில்லாமல் ஒன்பது மணி நேரத்தில் கடந்து வந்து அனைவரையும் வியக்க வைத்தது. 1935 அக்டோபர் 30 அன்று அது எழும்பியதும் செங்குத்தாக ஏறி, நின்று, விழுந்து எரிந்தது. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்க வால் சுக்கான்களைப் பூட்டும் பூட்டை யாரும் விடுவிக்கவில்லை. ஓட்டிய மேஜர் பிளாயர் ஹில்லும் போயிங்கின் தலைமைச் சோதனை விமானி லெஸ்லி டவரும் உயிரிழந்தார்கள். புதிய குண்டுவீச்சு விமானத்துக்காக ராணுவம் நடத்திய போட்டியின் விதிப்படி அது தகுதியிழந்தது. டக்ளஸ் பி-18 என்ற இரு என்ஜின் விமானத்துக்கு 133 எண்ணிக்கையில் ஆர்டர் போனது. ஒருவர் நினைவில் வைத்து ஓட்ட முடியாத அளவு சிக்கலான விமானம் என்று சிலர் அதை ஒதுக்கப் பார்த்தார்கள். ராணுவம் ஒதுக்கவில்லை. 13 விமானங்களைச் சோதனைக்கென வாங்கியது; எழும்புமுன், இறங்குமுன் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதி உரக்கப் படித்துச் சரிபார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தது. இன்று மீனம்பாக்கத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு பயணிகள் விமானத்தின் விமானியறையிலும் அந்தச் சரிபார்ப்பு நடக்கிறது.

இந்த வரலாறு நம் மண்ணையும் தொட்டுச் சென்றிருக்கிறது. 1924இல் உலகை முதன்முதலாக விமானத்தில் சுற்றி வந்த அமெரிக்க ராணுவத்தின் டக்ளஸ் விமானங்கள் கல்கத்தாவில் மிதவைகளைக் கழற்றிச் சக்கரங்களை மாட்டிக்கொண்டு கராச்சிக்குப் பறந்தன. 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் முதலில் கோத்தவை ஹார்லோ பயிற்சி விமானமும் கர்டிஸ் ஹாக் சண்டை விமானமும். இரண்டுமே 1930களின் அமெரிக்க வடிவங்கள். சென்னைக்கு இன்னும் நெருக்கமானது கேட்டலினா. வங்காள விரிகுடாவையும் இந்தியப் பெருங்கடலையும் கண்காணிக்க பிரிட்டிஷ் விமானப்படை செங்குன்றம் ஏரியில் கடல் விமானத் தளம் அமைத்து, கேட்டலினாக்களை அங்கிருந்து பறக்கவிட்டது. 14 சிலிண்டர் ட்வின் வாஸ்ப் என்ஜின்கள், பறக்கும்போது கோணத்தை மாற்றிக்கொள்ளும் புரொப்பல்லர்கள், பறக்கும்போது மடிந்து இறக்கை நுனியாகவே ஆகிவிடும் மிதவைகள் என்று, இதுவரை நான் சொன்ன இருபதாண்டு உழைப்பு முழுவதும் அந்த ஒரு விமானத்தில் சேர்ந்திருந்தது. நமக்குக் குடிநீர் தரும் ஏரிக்கு இப்படி ஒரு வரலாறு உண்டு என்பதைத் தங்கள் கட்டுரை குறிப்பிட்டிருந்தால் சென்னை வாசகர்கள் மகிழ்ந்திருப்பார்கள்.

அந்த இருபது ஆண்டுகளில் அவர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள் என்று நான் வாதிடவில்லை. அலபாமாவின் மாக்ஸ்வெல் களத்தில் இருந்த விமானப் போர்ப் பள்ளி, குண்டுவீச்சு விமானங்கள் துணைக்கு வரும் சண்டை விமானங்கள் இல்லாமலே எதிரி நாட்டுக்குள் போய்த் திரும்பிவிடும் என்று நம்பியது. மறுத்துப் பேசிய அப்பள்ளி ஆசிரியர் கிளேர் செனால்ட் 1937இல் ஓய்வு பெற்றுச் சீனாவுக்குப் போய்விட்டார். அந்த நம்பிக்கையின் விலை 1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகர வானில் தெரிந்தது. ஒரே நாளில் 60 பி-17 விமானங்கள் திரும்பவில்லை. காற்றுக்குளிர் என்ஜினில் வென்ற மகிழ்ச்சியில் நீர்க்குளிர் என்ஜினை அரைமனதோடு வளர்த்ததால், முஸ்டாங் சண்டை விமானம் பிரிட்டனின் நீர்க்குளிர் மெர்லின் என்ஜினைப் பெற்ற பிறகே உயரத்தில் தன் முழுத் திறமையைக் காட்டியது. ஜெட் என்ஜினை அவர்கள் கவனிக்கவே இல்லை. 1941இல் பிரிட்டனிலிருந்து, அந்நாட்டுப் பொறியாளர் ஃபிராங்க் விட்டிலின் ஜெட் என்ஜினைக் கொண்டுவந்தே தொடங்க வேண்டியிருந்தது. எதில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்களோ அதில் மட்டுமே போர்க்காலத்தில் அவர்களுக்குப் பலன் கிடைத்தது; உழைக்காத இடத்தில், எத்தனை தொழிற்சாலை இருந்தும் கடன் வாங்க நேர்ந்தது.

நம் நிலையை இதனோடு ஒட்டிப் பார்க்கிறேன். 1961இல் பறந்த மாருத் நல்ல வடிவம். தகுந்த என்ஜின் கிடைக்காமல் அதன் வேகம் குறைபட்டது. 2001இல் பறந்த தேஜஸ் இன்றும் அமெரிக்க என்ஜினில் பறக்கிறது. தேஜஸுக்காக 1989இல் அனுமதிக்கப்பட்ட காவேரி என்ஜினை உயர வானச் சூழலில் சோதிக்க இந்தியாவில் வசதி இல்லாததால் ரஷ்யாவுக்கு எடுத்துப் போக வேண்டியிருந்தது. 2010இல் அது விமானத்தில் ஏறிப் பறந்ததும் அங்கேதான். 1918இல் ஒரு மலைச் சிகரத்தையும் ஒரு லாரியையும் வைத்துக்கொண்டு செய்த வேலைக்கு இணையானதை நாம் வேறொரு நாட்டில் வாடகைக்குச் செய்துகொண்டிருக்கிறோம். பெங்களூரின் பொறியாளர்களை நான் குறை சொல்லவில்லை. சோதனைக் கூடத்துக்குப் பணம் கேட்டால் விமானம் எங்கே என்று கேட்கும் நம் அனைவரின் பொறுமையின்மையைத்தான் சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் ஆளில்லா விமானங்களுக்கான பொதுச் சோதனை மையம் திட்டமிடப்பட்டிருப்பதை, வழித்தடத்தின் மற்ற எல்லா அறிவிப்புகளையும்விட முக்கியமானதாக நான் கருதுகிறேன். கோயம்புத்தூரின் மோட்டார், பம்பு பட்டறைகளிலும் ஓசூரின் துல்லிய உதிரிபாகக் கூடங்களிலும் வால்வு, விசையாழித் தகடு, தாங்கி ஆகியவற்றைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். செய்ததை ஓட்டிப் பார்த்து அளக்க அவர்களுக்கு இடம்தான் இல்லை. தங்கள் நாளிதழ் இதைத் தொடர்ந்து எழுத வேண்டும். வல்லம் வடகால் வளாகத்திலேயே சிறு என்ஜின்களுக்கான சோதனை மேடையும் குறைந்த வேகக் காற்றுச் சுரங்கமும் அமைக்கவும், ரகசியம் தேவைப்படாத அளவீடுகளைப் பொறியியல் கல்லூரிகளும் சிறு தொழிற்கூடங்களும் கட்டணமின்றிப் பெறவும், அந்த மையத்துக்கு ஆண்டுதோறும் குறையாத நிதியைப் பத்தாண்டுகளுக்காவது முன்கூட்டியே உறுதி செய்யவும் மாநில அரசு மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்திடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
விமானப் பொறியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற வாசகர்,
நங்கநல்லூர், சென்னை.